தன் உடலில் முதல் ஊசி: பிளேக் தடுப்பூசி தந்த ஹாஃப்கினின் கதை

ஊசி ஒரு கஜ நீளம் இருக்குமாம். குத்திய உடனே உயிர் போய்விடுமாம். தப்பிப் பிழைத்தாலும் ஆணுக்கு ஆண்மை போய்விடும், பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காது. மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படுபவர்களின் உடலிலிருந்து எண்ணெய் எடுத்து மருந்து காய்ச்சுகிறார்கள்.

1890-களின் இறுதியில், பிளேக் நோய் பிடித்தாட்டிய பம்பாய் மாநிலத்தில் வாய்வழியாகப் பரவிய செய்திகள் இவை. 2021-இல் கோவிட் தடுப்பூசிக்காக வரிசையில் நின்றவர்களுக்கு, கைத்தொலைபேசியில் வந்து விழுந்த செய்திகள் நினைவுக்கு வரலாம். அன்று புலனக் குழுக்கள் இல்லை. கடைத்தெருவும் ஆலை வாசலும் கிணற்றடியும் அந்த வேலையைச் செய்தன.

இந்த வதந்திகளுக்கு நடுவே புதிய தடுப்பூசியோடு நின்றவர் வால்டெமர் ஹாஃப்கின். அவர் ஆங்கிலேயர் அல்லர். மருத்துவப் பட்டம் பெற்றவரும் அல்லர். ரஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில் 1860-ஆம் ஆண்டு யூதக் குடும்பத்தில் பிறந்த விலங்கியலாளர். ஒடெசா பல்கலைக்கழகத்தில் இலியா மெச்னிகோவிடம் பயின்றார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அதே மெச்னிகோவ்தான். 1881-இல் யூதர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தபோது, தற்காப்புக் குழுவில் சேர்ந்து காயமடைந்து கைதானார் ஹாஃப்கின். ஆசிரியர் தலையிட்டதால் விடுதலையானார். மதம் மாறினால் பல்கலைக்கழகப் பணி கிடைக்கும் என்ற நிலை வந்தபோது, மறுத்துவிட்டார்.

1888-இல் நாட்டைவிட்டு வெளியேறி, முதலில் ஜெனீவாவிலும் அடுத்த ஆண்டு பாரிஸ் பாஸ்டர் ஆய்வுக்கழகத்திலும் சேர்ந்தார். அங்கு அவருக்குக் கிடைத்தது உதவி நூலகர் வேலை மட்டுமே. நூலக வேலை போக மிஞ்சிய நேரத்தில் காலராக் கிருமியை ஆராய்ந்தார். 1892 ஜூலை 18-ஆம் நாள், தாம் உருவாக்கிய காலரா தடுப்பூசியைத் தம் உடலிலேயே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, வலித்தது, பிறகு தணிந்தது. அடுத்து நண்பர்கள் சிலர் முன்வந்தனர்.

அதைப் பெரிய அளவில் சோதிக்க அவருக்கு ஒரு களம் தேவைப்பட்டது. ரஷ்யா மறுத்தது. அப்போது பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த டஃப்ரின் பிரபு, அதற்கு முன் இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர். அவர் ஆதரவுடன் 1893 மார்ச்சில் ஹாஃப்கின் கல்கத்தா வந்து இறங்கினார்.

ஆங்கிலேய அதிகாரிகளில் சிலர் அவரை ரஷ்ய உளவாளியோ என ஐயுற்றனர். இராணுவ மருத்துவர்களுக்கு, பட்டமில்லாத ஒரு விலங்கியலாளர் தங்களுக்குப் பாடம் நடத்துவதா என்ற எரிச்சல். மக்களுக்கோ, அரசாங்கம் அனுப்பிய எந்த வெள்ளைக்காரர் மீதும் நம்பிக்கை இல்லை. 1894-இல் கல்கத்தாவின் சேரி ஒன்றில் காலரா பரவியபோது, நகரச் சுகாதார அதிகாரி சிம்ப்சனின் அழைப்பில் ஹாஃப்கின் இந்திய மருத்துவர்களுடன் அங்கே சென்றார். வரவேற்றது கல்வீச்சு. அவர் கூட்டத்தோடு வாதாடவில்லை. எல்லாரும் பார்க்க, தமக்கே ஊசி போட்டுக்கொண்டார். உடன் வந்த மருத்துவர்களும் போட்டுக்கொண்டனர். அதன்பின் அந்தச் சேரிவாசிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

அசாமின் தேயிலைத் தோட்டங்களிலும் அவர் ஊசி போட்டார். கூலித் தொழிலாளர்கள் ஒரே இடத்தில் வாழ்ந்ததால், ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுக் கணக்கெடுப்பது எளிதாக இருந்தது. தோட்ட வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழாமல் இருக்காது. துரை நிற்கச் சொல்லும் வரிசையில் நிற்கும் தொழிலாளியின் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம்? சிறைக் கைதிகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். விரும்பியவர்களுக்கு மட்டுமே ஊசி என்பதில் ஹாஃப்கின் உறுதியாக இருந்தாலும், அவருக்குக் கிடைத்த புள்ளிவிவரங்களில் பெரும்பகுதி எளிதில் மறுக்க முடியாத நிலையில் இருந்தவர்களிடமிருந்தே வந்தது. இதைச் சொல்லாமல் அவர் வாழ்க்கையை எழுதுவது நியாயமாகாது.

1895-க்குள் 40,000-க்கும் மேற்பட்டோர் காலரா தடுப்பூசி போட்டிருந்தனர். மலேரியாவால் உடல் நலிந்து இங்கிலாந்து சென்ற ஹாஃப்கின், 1896-இல் மீண்டும் இந்தியா வந்தார். அந்தச் செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் கண்டறியப்பட்டது. 1894-இல் ஹாங்காங்கைத் தாக்கிய அதே தொற்று, துறைமுகங்களைத் தொட்டுத் தொட்டுப் பரவி வந்திருந்தது.

அரசாங்கம் நோயை எதிர்கொண்ட விதம்தான் மக்களின் அச்சத்துக்குப் பாதிக் காரணம். வீடு புகுந்து சோதனை நடந்தது. நோயாளி என்ற ஐயம் எழுந்தாலே மருத்துவமனைக்கும் தடுப்பு முகாமுக்கும் இழுத்துச் சென்றார்கள். ரயில் நிலையங்களில் பெண்களின் உடலையும் தொட்டுப் பரிசோதித்தார்கள். 1897 பிப்ரவரியில் வந்த கொள்ளைநோய்ச் சட்டம் இவை அனைத்துக்கும் அதிகாரம் கொடுத்தது. எலியின் உடலில் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைப் பரப்புகிறது என்பதை பால் லூயி சிமோன் 1898-இல்தான் கண்டுபிடித்தார். அதை உலகம் ஏற்க மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. அதுவரை அதிகாரிகள் வீடுகளைக் கழுவினார்கள், உடைமைகளை எரித்தார்கள். எலிகள் அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

1896 அக்டோபரிலேயே ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினர். 1897 ஜூன் 22-ஆம் நாள் புனேயில் பிளேக் அதிகாரி ரேண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டனர். மருத்துவமனை என்றால் பிணமாகத்தான் திரும்புவோம் என நம்பிய மக்களிடம், அதே அரசாங்கத்தின் பெயரில் ஊசியோடு போய் நிற்க வேண்டியிருந்தது.

பம்பாய்க்கு அழைக்கப்பட்ட ஹாஃப்கினுக்குக் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறிய அறை ஒதுக்கப்பட்டது. ஓர் எழுத்தரும் மூன்று பியூன்களும்தான் உதவிக்கு. ஆட்டிறைச்சியைக் கரைத்து எடுத்த சாறில் பிளேக் கிருமியை வளர்த்தார். மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் தவிர்த்தது இந்துக்களையும் முஸ்லிம்களையும் எண்ணித்தான். சாறின் மேல் சிறிது நெய்யை மிதக்கவிட்டார். நெய்த்துளிகளின் அடியில் கிருமிகள் விழுதுபோலத் தொங்கி வளர்ந்தன. அவற்றை வெப்பத்தால் கொன்று, கெடாமல் இருக்கக் கார்பாலிக் அமிலம் சேர்த்தால் தடுப்பூசி தயார். மூன்று மாத உழைப்பு. அதற்குள் உதவியாளர்களில் ஒருவர் மனம் உடைந்து போனார். வேறு சிலர் விலகினார்கள்.

1897 ஜனவரி 10-ஆம் நாள், மற்றவர்களுக்குத் தர எண்ணிய அளவைவிட அதிகமாக, 10 மில்லிலிட்டர் மருந்தைத் தம் உடலில் செலுத்திக்கொண்டார். கடும் காய்ச்சலும் வலியும் வந்தன. அந்த மாத இறுதியில் பைகுல்லா சிறையில் பிளேக் புகுந்தது. கைதிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் ஊசி போட முன்வந்தனர். ஊசி போட்டுக்கொள்ளாதவர்களிடையே நோயும் மரணமும் வெகுவாகக் கூடுதலாக இருந்தன.

ஆனால், சிறையில் கிடைத்த கணக்கு தெருவில் செல்லுபடியாகவில்லை. மக்களின் மனத்தை அசைத்தவர் வேறொருவர். இஸ்மாயிலி கோஜா முஸ்லிம்களின் தலைவரான மூன்றாம் ஆகாகான் அப்போது இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர். அவர் பலர் அறியத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அந்தச் செய்தி தம் மக்களிடையே விரைவாகப் பரவவும் ஏற்பாடு செய்தார். ஆய்வுக்கூடத்துக்குத் தம் மாளிகை ஒன்றையும் கொடுத்தார். கோஜா சமூகத்தில் ஆயிரக்கணக்கானோர் கையை நீட்டினர். வெளியிலிருந்து வந்த விஞ்ஞானி சொல்வதும், தம் வீட்டுத் திருமணத்துக்கும் சாவுக்கும் வந்து நிற்பவர் சொல்வதும் ஒன்றல்லவே.

அரசாங்கமும் ஒரு வழி கண்டது. ஊசிச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குத் தடுப்பு முகாமிலிருந்தும் பயணக் கட்டுப்பாட்டிலிருந்தும் விலக்குத் தரப்பட்டது. சான்றிதழைக் காட்டினால்தான் உணவகத்துக்குள் போகலாம் என்றிருந்த அண்மைக் காலத்தை நாமும் பார்த்துவிட்டோம். முகாமுக்கு அஞ்சி ஊசி போட்டவர்கள் அன்று நிச்சயம் இருந்திருப்பார்கள். இந்திய பிளேக் ஆணையம் பின்னர் ஆராய்ந்து, ஊசி முழுப் பாதுகாப்பு அல்ல, ஆனால் நோயையும் மரணத்தையும் கணிசமாகக் குறைக்கிறது என்று முடிவு சொன்னது. 1899-இல் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு ஆய்வுக்கூடம் இடம் மாறியது.

பிறகு வந்தது மல்கோவால்.

1902-இல் பஞ்சாப் அரசாங்கம் மிகப் பெரிய தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கியது. பல இலட்சம் பேருக்கு மருந்து வேண்டும் என்று பரேலுக்குக் கோரிக்கை போனது. உற்பத்தியை விரைவாக்க, கார்பாலிக் அமிலத்தைத் தவிர்த்து வெப்பத்தால் மட்டும் தூய்மை காக்கும் முறைக்கு மாறினார் ஹாஃப்கின். அக்டோபர் 30-ஆம் நாள் மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரு வாரத்தில் அவர்களில் 19 பேருக்கு டெட்டனஸ் எனும் இசிவு நோய் கண்டது. 19 பேரும் இறந்தனர். எல்லாரும் 53-என் என்ற ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்றவர்கள்.

பல ஆண்டுகளாக வதந்தியாகச் சுற்றிய ஒன்று, ஒரு கிராமத்தில் உண்மையாகிவிட்டது. ஊசி போட்டால் செத்துப் போவார்கள் என்று சொன்னவர்களுக்கு இனி ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும் இருந்தன. பஞ்சாப் இயக்கம் சரிந்தது. பிளேக் சரியவில்லை, அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த மாநிலத்தைக் கடுமையாகத் தாக்கியது.

பம்பாய்த் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு, புட்டி பரேலிலேயே மாசுபட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. ஹாஃப்கின் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, 1904-இல் இங்கிலாந்து சென்றார். ஆனால் விசாரணைப் பதிவுகளிலேயே வேறொரு செய்தி கிடந்தது. மல்கோவாலில் அந்தப் புட்டியைத் திறந்தபோது, தக்கையைப் பிடுங்கப் பயன்படுத்திய இடுக்கி மண்ணில் விழுந்தது. உதவியாளர் அதை நெருப்பில் காட்டாமல், கார்பாலிக் நீரில் நனைத்துவிட்டு மீண்டும் பயன்படுத்தினார். டெட்டனஸ் கிருமி வாழ்வது மண்ணில்தான். பரேலில் நிரப்பி 41 நாள் ஆன புட்டியில் கிருமி அங்கேயே புகுந்திருந்தால் மருந்து துர்நாற்றம் அடித்திருக்கும். ஊசி போட்ட மருத்துவர் அப்படி எதையும் உணரவில்லை.

விசாரணை அறிக்கை வெளிவரவே 1906 ஆனது. மலேரியா ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ் இதைக் கையில் எடுத்தார். 1907 ஜூலையில் அவரோடு முன்னணிக் கிருமியியலாளர்கள் பலரும் கையெழுத்திட்ட கடிதம் இலண்டன் டைம்ஸ் நாளிதழில் வந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்பது மட்டுமல்ல, தவறானது என்றும் அவர்கள் வாதிட்டனர். பிரான்சில் யூதரான டிரைஃபஸ் என்ற அதிகாரி மீது பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட வழக்கோடு இதைப் பலர் ஒப்பிட்டனர். ராஸின் கவலை ஹாஃப்கினோடு முடியவில்லை. அரசாங்கமே தன் தடுப்பூசி மீது பழி சுமத்தி அதைத் திருத்தாமல் விட்டால், பிளேக்கில் வாரந்தோறும் செத்துக்கொண்டிருக்கும் மக்கள் இனி எதை நம்பிக் கை நீட்டுவார்கள் என்பதே அவரது கேள்வி.

1907 இறுதியில் ஹாஃப்கினுக்கு மீண்டும் பணி வழங்கப்பட்டது. பரேலில் அல்ல, கல்கத்தாவில். தடுப்பூசியை மனிதரிடம் சோதிக்கும் வாய்ப்பு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. 55 வயதில் ஓய்வுபெற்று ஐரோப்பா திரும்பினார். பஞ்சாப் கிராமங்களுக்கு யாரும் அந்த இலண்டன் கடிதத்தைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டியதாகத் தெரியவில்லை.

பரேல் ஆய்வுக்கூடம் மட்டும் வேலையை நிறுத்தவில்லை. 1897-க்கும் 1925-க்கும் இடையே அது அனுப்பிய பிளேக் தடுப்பூசி ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் முறை போடக்கூடிய அளவு. 1925-இல் அதற்கு ஹாஃப்கின் ஆய்வுக்கழகம் எனப் பெயர் சூட்டப்பட்டது. தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகள் அந்தப் பணியில்தான் கழிந்தன என்று நன்றியோடு அவர் பதில் எழுதினார்.

திருமணம் செய்துகொள்ளாத ஹாஃப்கின், தம் செல்வத்தைக் கிழக்கு ஐரோப்பாவின் யூத சமயப் பள்ளிகளுக்காக ஓர் அறக்கட்டளையாக்கிவிட்டு, 1930 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் காலமானார். 1964-இல் இந்தியா அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. மும்பை பரேலில் அந்தப் பழைய மாளிகை இன்னும் அவர் பெயரோடுதான் இயங்குகிறது.