ஆழிக்குமரன் கற்பித்த பாடம்

கண்டி மாநகரைச் சூழ்ந்திருப்பவை மலைகள். கடலைக் காண்பதற்கு நெடுந்தூரம் பயணிக்க வேண்டும். எனினும், இங்குள்ள தடாகங்களில் நீச்சல் பழகும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய ஒரு வாழ்வு உண்டு. அது ஆழிக்குமரன் எனப் போற்றப்படும் வி. எஸ். குமார் ஆனந்தனின் வாழ்வாகும்.

1943 மே 25இல் பிறந்த ஆனந்தன், வடபுலக் கரையோர ஊரான வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவர். அவர் சிறுவனாயிருந்த 1954ஆம் ஆண்டிலேயே மு. நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து வழிகாட்டியிருந்தார். ஆனந்தன் 1971இல் அதே நீரிணையை நீந்திச் சென்று, நீந்தியே திரும்பினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 51 மணித்தியாலங்கள்.

அவரது சாதனைகள் கடலோடு நின்றுவிடவில்லை. 1979இல் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலங்களுக்கு மேல் துவிச்சக்கர வண்டி ஓட்டினார். 1980இல் 33 மணித்தியாலங்கள் ஒற்றைக் காலில் நின்றார். 1981இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணித்தியாலங்கள் நீரில் மிதந்தவாறு நின்றார். கின்னஸ் நூல் அவரது பெயரைப் பதிந்துகொண்டது.

இத்தகைய வீரரைப் பார்த்து நீரில் இறங்கும் பிள்ளைகள், துணிவை மட்டுமன்றி உடலின் இயல்பையும் கற்க வேண்டும். நீந்துவோரை முன்செலுத்துவதில் பெரும்பங்கு கைகளுக்கே உரியது. போட்டிக்காகப் பயில்பவரின் தோள் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான தடவைகள் சுழல்கிறது. தோள்மூட்டின் குழி ஆழமற்றது. எலும்பைவிடத் தசைகளும் தசைநார்களுமே அதனைத் தாங்கி நிற்கின்றன. நெகிழ்வு தேவை என்று எண்ணி, சக மாணவர் கையைப் பின்னால் பிடித்து வலிந்து இழுப்பது அந்தப் பிடிப்பைத் தளர்த்திவிடும். முதலில் உடலைச் சூடேற்றி, தோளையும் தோட்பட்டையையும் சூழ்ந்த தசைகளை வலுப்படுத்தி, இழுவைப் பயிற்சியை அளவோடு செய்வதே முறையாகும். வலி தோன்றினால் நிறுத்த வேண்டும். வலியைச் சொல்லும் மாணவனைக் கோழை எனக் கருதுபவர் நல்ல பயிற்றுநராகார்.

1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி, குளிர்மிகுந்த ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது ஆனந்தன் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 41. தன் எல்லையைத் தானே தேர்ந்து சோதித்த பெருவீரர் அவர். நம் பிள்ளைகளோ பெரியோர் வகுக்கும் எல்லைக்குள் பயில்பவர்கள். அவர்களது தோளைக் காப்பது நம் கடமை. அதனை உணர்ந்து செயற்படுவதே ஆழிக்குமரனுக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும்.