சபாரி வென்ற சேகர் மேத்தா

ஆண்டு மலரில் புலவர் வரலாறும் தொண்டர் வரலாறும் வரைவார் பலர் உளர். யாம் ஒரு மோட்டார் ஓட்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தது நண்பர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். எனினும், தேனியிலும் கம்பத்திலும் போடியிலும் பிறந்து வளர்ந்தார்க்கு மலைவழியும் வண்டியும் புதியன அல்ல. வைகறை இருள் நீங்குமுன் ஏலத்தோட்டக் கூலியாட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு கம்பமெட்டிலும் போடிமெட்டிலும் ஏறும் ஜீப்புகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் மழையிருளில் கடந்துவரும் ஓட்டியின் திறமை எத்தகையது என்பதை இப்பள்ளத்தாக்கினர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்திறமையையே உலகப் போட்டிக்குரிய கலையாக்கி, அதன் கடினமான களத்தில் ஐந்து முறை முதலிடம் பெற்ற இந்தியக் குடிவழியினர் ஒருவர் இருந்தார். சேகர் மேத்தா என்பது அவர் பெயர். அவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. நம் நாட்டு இளைஞருள் அவர் பெயரை அறிந்தார் மிகச் சிலரே.

அவர் வரலாற்றைச் சொல்லுமுன், ராலி என்னும் போட்டியின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். வட்டமான ஓடுபாதையில் பல வண்டிகள் ஒருங்கே பாய்ந்து ஒன்றையொன்று முந்துவது வேறு, ராலி வேறு. ராலியில் வண்டிகள் சில நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் புறப்படும். ஓட்டிக்கு எதிராளி கண்ணுக்குத் தோன்றான், கடிகாரமே எதிராளி. வழி ஊருக்கு ஊர் செல்லும் வழியே. அதில் காலம் நுணுக்கமாகக் கணிக்கப்படும் பகுதிகள் சில. அவற்றை இணைக்கும் பொதுச் சாலைகள் சில. பொதுச் சாலையில் ஏனையோர்போல் நாட்டுச் சட்டத்திற்கு அடங்கியே செல்லுதல் வேண்டும். குறித்த நேரத்தில் குறித்த சாவடியை அடைதலும் வேண்டும். ஓட்டியின் அருகே துணை ஓட்டி ஒருவர் அமர்ந்து, முன்னரே எழுதிவைத்த வழிக்குறிப்பைப் படித்துக்கொண்டே வருவார். அடுத்த வளைவு இடமா வலமா, கூரியதா அகன்றதா, மேட்டுக்கு அப்பால் பள்ளம் உண்டா என்பனவற்றை அவர் சொல்ல, ஓட்டி தாம் காணாத வளைவிலும் அஞ்சாது புகுவார். நம் ஊர்ப் பேருந்துகளில் படியில் நின்றபடி வளைவுதோறும் குரல் கொடுக்கும் நடத்துனரை நினைத்துக்கொண்டால், துணை ஓட்டியின் தொழிலை ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம்.

இதற்கு உலக வாகையர் போட்டி 1973ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அவ்வாண்டில் 13 ராலிகள் அதில் அடங்கின. பட்டம் அப்பொழுது வண்டி செய்யும் கம்பெனிகளுக்கே உரியது. ஓட்டிகளுக்குரிய உலகப் பட்டம் 1979இல்தான் வந்தது. இப்போட்டியின் சிறப்பு, அதில் அடங்கிய ராலிகள் ஒன்றுபோல் ஒன்று இராமையே. 1911இல் தோன்றிய மான்டி கார்லோ ராலியில் ஒரு வளைவு உலர்ந்த தார்ச்சாலையாகவும் மறுவளைவு பனிக்கட்டி படிந்ததாகவும் இருக்கும். எந்த உருளையைப் பூட்டுவது என்று துணிவதிலேயே பாதி வெற்றி அடங்கும். சுவீடனில் உறைபனியின்மேல் ஆணி பதித்த உருளைகளோடு ஓடுவர். பின்லாந்தின் ஏரிநாட்டு மண்சாலைகளில் வண்டி மேடுதோறும் வானில் எழுந்து விழும். கார்சிகாத் தீவின் மலைச்சாலையில் நேர்வழி என்பதே அரிது. கிரீசில் கல்லும் வெயிலும். இங்கிலாந்தில் காடும் சேறும் மூடுபனியும். ஓரிடத்தில் வென்றவர் மற்றோரிடத்தில் தடுமாறுவது இயல்பே. குறிஞ்சியில் வாழ்வார்க்கு நெய்தல் புதிதாதல் போல, இங்கும் நிலத்துக்கு நிலம் ஒழுக்கம் வேறு.

இவை அனைத்திலும் வேறாய் நின்றது கிழக்கு ஆப்பிரிக்கச் சபாரி. இரண்டாம் எலிசபெத்து அரசியின் முடிசூட்டு விழாவை ஒட்டி 1953இல் தொடங்கிய இது, கென்யா, உகாண்டா, தாங்கனிக்கா ஆகிய நாடுகளின் ஊடே சென்றது. பிற்காலத்தே கென்ய எல்லைக்குள் சுருங்கிற்று. ஏனைய ராலிகளிலே காலங் கணிக்கும் பகுதிகளில் பொதுமக்கள் போக்குவரத்தை நிறுத்திவைப்பர். சபாரியில் நெடுங்காலம் அவ்வழக்கம் இல்லை. ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் வழி முழுவதும் திறந்த சாலை. எதிரே பேருந்து வரும், மாட்டுமந்தை வரும், வரிக்குதிரையும் ஒட்டைச்சிவிங்கியும் குறுக்கே பாயும். சாவடியைக் காலந்தாழ்த்து அடைந்தால் நிமிடம் ஒன்றுக்குத் தண்டம் ஒன்று. தண்டம் குறைந்தவர் வென்றவர். கோடையில் முன்வண்டியின் புழுதி கண்ணை மறைக்கும். மழை பெய்தாலோ நிலம் முழுதும் கரிசற் களி. விருதுநகர், கோவிற்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மழைநாளில் மாட்டுவண்டி செலுத்திய முதியோரைக் கேட்டால் அக்களியின் கொடுமையைச் சொல்வார்கள். அதன்மேல் இரவில் விரைந்து செல்வதை நினைத்துப் பார்க்க. 1963ஆம் ஆண்டிலும் 1968ஆம் ஆண்டிலும் புறப்பட்ட வண்டிகளுள் இறுதிவரை வந்தவை ஏழே ஏழு. இந்த ராலியை உயிர்த்தெழுந்த திருநாளை ஒட்டியே நடத்திவந்தனர். திருநாட்களில் கோயிலை விட்டுச் சாலையோரம் கூடும் அவ்வழக்கம் எம்மனோர்க்கு முற்றும் உடன்பாடன்று. ஆயினும் வரலாற்றை உள்ளவாறே சொல்லுதல் கடன்.

இத்தகைய களத்தில் இந்தியக் குடிவழியினர் முன்னரே பெயர் நாட்டியிருந்தனர். பாஞ்சாலத்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் 1932இல் கென்யாவின் கெரிச்சோவில் பிறந்த சோகிந்தர் சிங் என்னும் சீக்கியர், பழைய வால்வோ வண்டி ஒன்றில் தம் தம்பி யசுவந்தரைத் துணையாகக் கொண்டு 1965இல் சபாரியை வென்றார். பின்னர் 1974இலும் 1976இலும் மித்சுபிசி வண்டியில் வென்றார். கெரிச்சோ தேயிலை விளையும் ஊர். நம் மூணாற்றின் உடன்பிறப்பு என்னலாம். சோகிந்தர் வண்டி பழுதுபார்க்கும் பட்டறையிலிருந்து வந்தவர். சேகர் மேத்தாவோ செல்வக் குடியில் தோன்றியவர். இருவர் வழியும் வேறாயினும் சேர்ந்த இடம் ஒன்றே.

மேத்தா 1945ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் உகாண்டாவிற் பிறந்தார். குசராத்திலிருந்து சென்று பெருந்தோட்டங்கள் அமைத்து வாழ்ந்த குடும்பம் அவருடையது. இளமையிலேயே வண்டியில் பெருவிருப்பம் கொண்டார். 21ஆம் அகவையில் பி.எம்.டபிள்யூ வண்டி ஒன்றில் ராலிக்களம் புகுந்தார். பொருள் உள்ள வீட்டுப் பிள்ளை பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒன்று என்று அன்று பலரும் எண்ணியிருப்பர். ஆனால் 1971ஆம் ஆண்டுச் சபாரியில் தாட்சன் 240 சட் வண்டியில் அவர் இரண்டாம் இடம் பெற்றார். பொழுதுபோக்குக்காரர்க்குக் கிட்டும் இடம் அன்று அது.

அடுத்த ஆண்டிலே இடி விழுந்தது. 1972 ஆகஸ்டு மாதத்தில் உகாண்டாவை ஆண்ட இடி அமீன், ஆசியக் குடிவழியினர் 90 நாளுக்குள் நாட்டைவிட்டு நீங்க வேண்டும் என்று ஆணையிட்டான். இரண்டு மூன்று தலைமுறையாகக் கடை வைத்தும் ஆலை நடத்தியும் ஆசிரியராயும் மருத்துவராயும் வாழ்ந்தோர், வீட்டையும் நிலத்தையும் விட்டுக் கையிற் கொள்ளக்கூடியதைக் கொண்டு வெளியேறினர். தமிழராகிய நமக்கு இத்துன்பம் தெரியாததன்று. இலங்கை மலைத்தோட்டங்களில் காடு திருத்தித் தேயிலை நட்ட நம்மவர், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, பின்னர் பல்லாயிரவராய்க் கடல்கடந்து திரும்பிய கதையை நம் மூத்தோர் அறிவர். பிறந்த மண்ணே நீ எனக்குரியவன் அல்லை என்று சொல்லும்போது, செல்வர்க்கும் ஏழைக்கும் உள்ளம் ஒருவாறே நோகும். ஏழைக்குப் போக்கிடம் குறைவு என்பது உண்மை. மேத்தாவுக்குப் போக்கிடம் இருந்தது. அவர் கென்யாவிற் புகுந்தார்.

ஊரிழந்து திங்கள் பல ஆகுமுன்னே, 1973ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளில் சபாரி நடந்தது. உலக வாகையர் போட்டியில் சபாரி சேர்ந்த முதல் ஆண்டு அது. மேத்தா தாட்சன் 240 சட் வண்டியில், லாப்டி ட்ரூஸ் என்பவரைத் துணை ஓட்டியாகக் கொண்டு புறப்பட்டார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி முடிந்தபின் கணக்குப் பார்த்தால், அவர் பெற்ற தண்டமும் சுவீடன் நாட்டு ஹாரி கெல்ஸ்ட்ரோம் பெற்ற தண்டமும் சரிநிகராய் நின்றன! நிகரானால் தொடக்கப் பகுதிகளில் தண்டம் குறையப் பெற்றவர்க்கே வெற்றி என்பது விதி. அவ்விதியால் மேத்தா முதல்வரானார். மயிரிழையில் கிட்டிய வெற்றி என்று சிலர் குறைத்துப் பேசலாம். முதல்நாள் தொட்டுக் கணமும் சோராது ஓட்டியவரையே அவ்விதி தேர்ந்தது என்பது எம் கருத்து.

இடையிற் சில ஆண்டுகள் வெற்றி வரவில்லை. அவற்றை நீட்டியுரைப்பதிற் பயனில்லை. 1979இல் தாட்சன் 160 சே என்னும் சிறிய வண்டியில், மைக் டௌட்டி துணையிருக்க, மீண்டும் வென்றார். அவ்வாண்டில் பெரிய மெர்சிடிசு வண்டிகளைப் படைபோல் அணிவகுத்து அனுப்பியிருந்தனர். அவற்றுள் ஒன்றைச் செலுத்திய பின்லாந்து வீரர் ஹன்னு மிக்கோலா மேத்தாவுக்குப் பின்னரே வந்தார். 1980இலும் வென்றார். 1981இலும் வென்றார். 1982இல் நான்காம் முறையாக இடைவிடாது வென்றபோது, அவருக்குப் பின் இரண்டாவதாக வந்தவர் அவ்வாண்டின் உலகப் பட்டத்தையே பெற்ற செருமானியர் வால்டர் ரோல். சபாரியிற் பன்முறை முயன்றும் ஒருமுறையேனும் முதலிடம் காணாத ரௌனோ ஆல்டோனென் போன்ற பெருவீரரும் உண்டு. மேத்தாவோ மொத்தம் ஐந்து முறை வென்றார். அவ்வெண்ணிக்கையை இன்றுவரை எவரும் எட்டவில்லை.

இவ்வெற்றிகளின் சூழ்ச்சி யாது? சபாரியில் எப்பொழுதும் விரைபவன் வெல்வதில்லை. எங்கே விரைவது, எங்கே வண்டியைக் காப்பது என்று அறிபவனே வெல்வான். ஆற்றில் வெள்ளம் எவ்வளவு, களியின்மேல் எத்தடத்திற் போனால் உருளை புதையாது, மாலை மழை எம்மலையில் முதலிற் பொழியும் என்பனவெல்லாம் அங்கே வாழ்ந்து அறிய வேண்டியவை. சுருளியில் நீர் பெருகுவதை மலைமேல் திரண்ட கருமேகத்தைக் கொண்டே சொல்லும் நம் உழவரைப் போல, மேத்தா அந்நிலத்தைப் படித்திருந்தார். மேலைநாட்டார் விரைந்து ஓட்டி அச்சை முறித்துக்கொண்டு நிற்க, இவர் பின்னே வந்து அவர்களைக் கடந்து செல்வார்.

அவர் வென்ற உலகப்போட்டி ராலிகள் ஐந்தும் சபாரியே ஆதலின், தம் ஊரில் மட்டும் வீரர் என்று கூறுவாரும் உளர். இக்கூற்றில் ஒரு பாதி உண்மை; பனியிலோ தார்ச்சாலையிலோ அவர் முதலிடம் பெற்றதில்லை. எனினும் அவர் பிற கண்டங்களுக்கும் சென்று போட்டியிட்டவர். 1981ஆம் ஆண்டு ஓட்டிகளுக்கான உலகப் பட்டியலில் ஐந்தாம் இடம் பெற்றவர். மேலும், பின்லாந்தின் மேடுகளில் வென்ற பின்லாந்தியரைத் தம் ஊரில் மட்டும் வென்றார் என்று எவரும் இகழ்ந்ததில்லை. ஒவ்வொரு நிலமும் தன் வீரனைப் பெறுவதே இப்போட்டியின் அமைப்பாயின், ஆப்பிரிக்க நிலம் பெற்ற வீரரை மட்டும் குறைத்துப் பேசுவது நடுவுநிலை ஆகாது.

அவர் மனைவியார் இவோன் அம்மையாரும் துணை ஓட்டியாய் அவர் பக்கத்தில் அமர்ந்து பல ராலிகளில் சென்றவர். கணவன் ஓட்ட, மனைவி வழி சொல்லக் காடும் மலையும் கடந்த இல்லறம் அது.

1987ஆம் ஆண்டு எகிப்தில் நடந்த பாரோக்கள் ராலி என்னும் பாலைநிலப் போட்டியில் அவர் வண்டி பெருவிபத்துக்கு உள்ளாயிற்று. கடுங்காயமுற்று உயிர் பிழைத்தார். ஆயினும் ஓட்டியின் வாழ்வு அன்றோடு முடிந்தது. அப்பொழுது அவருக்கு அகவை 42. பலர் இந்நிலையில் களத்தை விட்டே நீங்குவர். அவர் நீங்கவில்லை. அனைத்துலக மோட்டார்க் கூட்டமைப்பில் ராலிகளுக்குரிய ஆணையத்தின் தலைவராக அமர்ந்து, உலகப்போட்டியின் விதிகளை வகுக்கும் பணியில் ஈடுபட்டார்.

அப்பணியில் அவர்க்கு வாய்த்த சூழ்நிலை எளிதன்று. தொலைக்காட்சிக்கும் செலவுக் கணக்குக்கும் ஏற்ப ராலிகள் எல்லாம் குறுகி ஒரே வார்ப்பில் அமையத் தொடங்கிய காலம் அது. மூன்று நாள், ஓரிடத்தில் பணிமனை, போக்குவரத்தை நிறுத்திய சில நூறு கிலோமீட்டர் பகுதிகள் என்று எல்லா நாட்டிலும் ஒரே அமைப்பு வந்தது. திறந்த சாலையில் நெடுந்தொலைவு ஓடும் சபாரி அவ்வார்ப்பிற்குள் எளிதில் அடங்கவில்லை. 2002ஆம் ஆண்டோடு அது உலகப்போட்டியிலிருந்து நீங்கிற்று. தாம் ஐந்து முறை வென்ற களம் பட்டியலில் இல்லாது போனதை, அப்பட்டியலை ஆளும் அவையில் இருந்துகொண்டே அவர் காண நேர்ந்தது.

2006ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் இலண்டன் மாநகரில் மேத்தா காலமானார். அப்பொழுது அவருக்கு அகவை 60. சபாரி 2021ஆம் ஆண்டில் நைவாசா ஏரிப்பக்கத்தை இருக்கையாகக் கொண்டு உலகப்போட்டிக்குத் திரும்பிற்று. போக்குவரத்தை நிறுத்திய குறும்பகுதிகளில்தான் இப்பொழுது ஓடுகின்றனர். புழுதியும் கரிசற் களியும் மட்டும் பழையபடியே உள்ளன.