ஜான் கோல்ட்ரேன்: போதையை வென்ற இசைக் கலைஞர்

ஜாஸ் என்றால் மதுக்கூடங்களில் ஒலிக்கும் இசை என்பதோடு நம்மில் பலரும் நிறுத்திக்கொள்கிறோம். அது பிறந்தது அடிமைகளின் பிள்ளைகளிடம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூடிப் பறை கொட்ட அனுமதிக்கப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளின் தாளம், வயல்காட்டுப் பாடல்களின் சோகம், தேவாலயப் பாடல்கள், ராணுவ பேண்டு வாத்தியங்கள் எல்லாம் கலந்து 1900ஆம் ஆண்டையொட்டி உருவான இசை அது. இசை குறித்த மார்க்கச் சட்டம் இக்கட்டுரையின் பொருள் அல்ல. அந்த இசையின் வரலாற்றைப் புரட்டிப்போட்ட ஒரு மனிதரின் வாழ்க்கையே இங்கே பேசப்படுகிறது.

ஜான் கோல்ட்ரேன் 1926 செப்டம்பர் 23 அன்று வட கரோலினா மாநிலத்தின் ஹேம்லெட் என்ற சிற்றூரில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் மெதடிஸ்ட் போதகர். தந்தை தையற்கடை வைத்திருந்தவர். ஜானுக்கு 12 வயதானபோது பாட்டனாரும் தந்தையும் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். தாய் வீட்டுவேலை செய்து மகனை வளர்த்தார். தந்தையை இழந்த சிறுவன் ஊர் இசைக்குழுவில் சேர்ந்து வாத்தியமே கதியாகக் கிடந்தான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1943இல் பிலடெல்பியா நகருக்குப் போனார். கையில் சாக்ஸபோன் வந்தது. பிறகு ஓராண்டு கடற்படைப் பணி.

அந்தக் காலத்தில் ஜாஸ் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. நடனத்துக்கு வாசித்த பெரிய குழுக்கள் தேய்ந்து, சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி போன்றோரின் வேகமான 'பீபாப்' எழுந்தது. இளைஞர்கள் பார்க்கரின் இசையைப் பின்பற்றினார்கள். கூடவே அவரிடமிருந்த ஹெராயின் பழக்கத்தையும் பின்பற்றினார்கள் என்பதுதான் கொடுமை. கோல்ட்ரேனும் அதில் விழுந்தார். குடியும் சேர்ந்துகொண்டது. 1954இல் ஜானி ஹாட்ஜஸ் தம் குழுவிலிருந்து அவரை அனுப்பிவிட்டார். அடுத்த ஆண்டு மைல்ஸ் டேவிஸ் அழைத்துக்கொண்டார். அவரும் 1957இல் வெளியேற்றினார். திறமையில் குறை இருந்ததால் அல்ல. நேரத்துக்கு வராமல், மேடையில் தூங்கி விழுந்துகொண்டிருந்தவரை வைத்துக் குழு நடத்த முடியவில்லை.

இங்கேதான் நயீமா வருகிறார். இஸ்லாத்தைத் தழுவிய கருப்பினப் பெண். முன்பே ஒரு பெண் குழந்தைக்குத் தாய். 1955இல் கோல்ட்ரேன் அவரை மணந்தார். 1957இல் வேலையும் போய்ப் பிலடெல்பியாவுக்குத் திரும்பிய கணவர், எல்லாவற்றையும் விட்டுவிடப் போகிறேன் என்றபோது துணை நின்றவர் இவர்தான். மருத்துவமனை இல்லை, மருந்து இல்லை. தாயின் வீட்டில் ஓர் அறைக்குள் அடைந்து, தண்ணீரை மட்டும் அருந்தி, உடல் நடுங்க நாட்களைக் கழித்தார் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். தாயும் மனைவியும் வெளியே காத்திருந்தார்கள். (இன்று இப்படி வீட்டிலேயே முயல்வது ஆபத்து. மருத்துவ உதவி இருக்கிறது, நாட வேண்டும்.) ஹெராயினும் மதுவும் அத்தோடு விலகின.

அதன்பின் நடந்தது வியப்பானது. அந்த ஆண்டே தெலோனியஸ் மங்க் என்ற மேதையிடம் நியூயார்க்கில் மாதக்கணக்கில் வாசித்துக் கற்றார். மைல்ஸ் டேவிஸ் திரும்ப அழைத்தார். 1959இல் இருவரும் சேர்ந்து உருவாக்கிய 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஜாஸின் திசையையே மாற்றியது. அதுவரை நொடிக்கு நொடி மாறும் 'கார்டு' என்ற சுரக்கூட்டுகளைத் துரத்தி வாசித்தார்கள். இதில் ஒரே சுர வரிசையில் நின்று நிதானமாக விரித்தார்கள். நம் நாட்டு ராகத்துக்கு அது சற்று நெருங்கியது. கோல்ட்ரேன் பின்னர் ரவிசங்கரின் இசையை ஆழ்ந்து கேட்டு, தம் மகனுக்கே ரவி என்று பெயரிட்டார். மனைவியின் பெயரிலும் ஒரு மெல்லிய இசையை அமைத்தார். அந்த மணவாழ்வு பின்னாளில் முறிந்தது. இசையின் பெயர் மட்டும் மாறவில்லை.

1963 செப்டம்பரில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் இனவெறியர்கள் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். இரண்டு மாதங்களில் கோல்ட்ரேன் 'அலபாமா' என்ற இசையைப் பதிவுசெய்தார். அதில் ஒரு சொல்லும் கிடையாது. அழுகை மட்டும்தான்.

1964 டிசம்பரில் 'எ லவ் சுப்ரீம்' பதிவானது. 1957இல் தம்மைக் கரையேற்றியது இறைவனே என்று அதன் உறையில் எழுதி நன்றி செலுத்தினார். இறைவனைப் போற்றித் தாம் எழுதிய கவிதையை, நான்காம் பகுதியில் வாயால் சொல்லாமல் அசை அசையாகச் சாக்ஸபோனில் ஓதினார். அவரோடு பியானோ வாசித்த மெக்காய் டைனர் சுலைமான் சஊத் என்று பெயர் சூடியவர். அன்றைய கருப்பினக் கலைஞர்கள் பலர் இஸ்லாமியப் பெயர்களை ஏற்றார்கள். அவர்கள் இஸ்லாத்தை அறிந்த வழிகளெல்லாம் நமக்கு ஏற்புடையவை அல்ல, அது வேறு விஷயம். இதை வைத்துக் கோல்ட்ரேனும் முஸ்லிம் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. எல்லா மதங்களிலும் உண்மை இருப்பதாகவே அவர் நம்பினார். இல்லாத ஒன்றை அவர்மீது ஏற்றிச் சொல்ல நமக்குத் தேவையுமில்லை.

1966இல் ஜப்பான் சென்றபோது நாகசாகி நினைவிடத்தில் நின்று, அணுகுண்டுக்குப் பலியானோருக்காகப் பிரார்த்தித்தார். மறு ஆண்டு ஜூலை 17 அன்று கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 40. ரவிக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை. இன்று அவரும் சாக்ஸபோன் கலைஞர். அந்த ஓர் அறை இருந்த பிலடெல்பியா வீட்டை 1999இல் அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.