தாம் பெற்ற என்ஜினாலேயே போட்டியாளர்களை உருவாக்கிய கொலின் சாப்மன்

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில், ஓர் அணி தயாரிக்கும் என்ஜினை விலைக்கு வாங்கிய மற்றோர் அணி, தயாரித்த அணியையே தோற்கடிப்பது இன்று வியப்புக்குரியதன்று. மெர்சிடிஸ் என்ஜினைப் பொருத்திய மெக்லாரன், மெர்சிடிஸின் சொந்த அணியைப் பின்னுக்குத் தள்ளி, 2024ஆம் ஆண்டு அணிகளுக்கான சாம்பியன் பட்டத்தை வென்றது. என்ஜினை யாருக்கு வழங்குவது, யாருக்கு மறுப்பது என்ற முடிவே பந்தயத்தின் அதிகாரச் சமநிலையைத் தீர்மானிக்கிறது. இந்நிலைக்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர் லோட்டஸ் நிறுவனர் கொலின் சாப்மன்.

இங்கிலாந்தின் ரிச்மண்டில் 1928 மே 19ஆம் தேதி பிறந்த சாப்மன், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் பயின்றார். 1948இல் பழைய ஆஸ்டின் செவன் காரை மாற்றியமைத்துத் தமது முதல் போட்டிக் காரை உருவாக்கினார். 1952இல் லோட்டஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. எடையைக் குறைப்பதே வேகத்துக்கு வழி என்பது அவரது கொள்கை. குழாய்ச் சட்டத்துக்குப் பதிலாக மெல்லிய உலோகத் தகடுகளால் ஆன கூட்டைக் கொண்ட லோட்டஸ் 25 கார், 1962இல் பந்தயக் கார் வடிவமைப்பையே மாற்றியது. அந்தக் காரிலும் அதன் வழிவந்த காரிலும் ஜிம் கிளார்க் 1963, 1965 ஆகிய ஆண்டுகளில் உலக சாம்பியன் ஆனார்.

ஆயினும் லோட்டஸ் சொந்தமாகப் பந்தய என்ஜின் தயாரிக்கவில்லை. காரும் என்ஜினும் ஒரே கூரையின் கீழ் உருவான ஃபெராரிக்கும் லோட்டஸுக்கும் இருந்த அடிப்படை வேறுபாடு இதுவே. என்ஜின் கொள்ளளவு வரம்பு 1966 முதல் 1.5 லிட்டரிலிருந்து 3 லிட்டராக உயரவிருந்த நிலையில், லோட்டஸுக்கு என்ஜின் வழங்கிவந்த கவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம் புதிய என்ஜினைத் தயாரிக்கப்போவதில்லை என அறிவித்தது. வேறு வழியின்றி, 1966இல் பி.ஆர்.எம். நிறுவனத்தின் கனமான 16 சிலிண்டர் என்ஜினையும் சாப்மன் நாட வேண்டியதாயிற்று. அது அடிக்கடி பழுதானது; அதைக் கொண்டு கிளார்க் அமெரிக்க கிராண்ட் பிரீயில் மட்டுமே வெல்ல முடிந்தது.

இதற்கிடையே, தம்மிடம் முன்பு பணியாற்றிய கீத் டக்வொர்த், மைக் காஸ்டின் ஆகியோர் நடத்திவந்த காஸ்வொர்த் நிறுவனத்தால் புதிய என்ஜினை உருவாக்க முடியும் என சாப்மன் நம்பினார். பணம்தான் தடையாக இருந்தது. பிரிட்டன் ஃபோர்டு நிறுவனத்தின் மக்கள் தொடர்பு இயக்குநர் வால்டர் ஹேய்ஸை அவர் அணுகினார். சுமார் 1 லட்சம் பவுண்டு வழங்க ஃபோர்டு ஒப்புக்கொண்டது.

டக்வொர்த் வடிவமைத்த டி.எஃப்.வி. என்ற 8 சிலிண்டர் என்ஜின் சுமார் 400 குதிரைத்திறன் கொண்டது. என்ஜினைக் காருக்குள் வைப்பதற்குப் பதிலாக, என்ஜினே காரின் பின்பாதியாக அமைந்து பின்சக்கரங்களைத் தாங்கியது. தனிச் சட்டம் தேவையற்றதால் எடையும் குறைந்தது. 1967 ஜூன் 4ஆம் தேதி நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட்டில், இந்த என்ஜின் களமிறங்கிய முதல் பந்தயத்திலேயே கிளார்க் வென்றார். அந்த ஆண்டு முழுவதும் அது லோட்டஸ் கார்களில் மட்டுமே இடம்பெற்றது. பழுதுகளால் பட்டம் கைநழுவிய போதும், வேகத்தில் லோட்டஸுக்கு இணை இல்லை.

அந்த மேலாதிக்கமே ஹேய்ஸைக் கவலைகொள்ளச் செய்தது. போட்டியே இல்லாத வெற்றி ஃபோர்டின் பெயருக்கு நன்மை தராது என அவர் கருதினார். பிற அணிகளுக்கும் என்ஜினை விற்க வேண்டும் என்ற அவரது யோசனைக்கு சாப்மன் இசைந்தார். 1968 முதல், சுமார் 7,500 பவுண்டு விலையில் பிற அணிகளும் அதைப் பெற்றன.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஹாக்கன்ஹைமில் நிகழ்ந்த விபத்தில் கிளார்க் உயிரிழந்தார். கிரஹாம் ஹில் லோட்டஸுக்குப் பட்டத்தைப் பெற்றுத்தந்தார். ஆனால் 1969இல் கென் டைரல் அணியின் ஜாக்கி ஸ்டூவர்ட், அதே என்ஜின் பொருத்திய மாத்ரா காரில் சாம்பியன் ஆனார். அந்த ஆண்டின் 11 பந்தயங்களிலும், 1973இன் 15 பந்தயங்களிலும் வென்றவை டி.எஃப்.வி. கார்களே.

இந்த விற்பனையின் விளைவு பந்தயத் தளத்தோடு நிற்கவில்லை. என்ஜின் தொழிற்சாலை இல்லாத சிறிய பிரிட்டன் அணிகள், காரை மட்டும் வடிவமைத்து வெல்ல முடிந்தது. அவை ஒன்றுசேர்ந்து, பிரபாம் அணி உரிமையாளர் பெர்னி எக்லஸ்டன் தலைமையில் பரிசுத்தொகை, ஒளிபரப்பு உரிமை ஆகியவற்றுக்காகப் பேரம் பேசும் வலுவான சங்கமாக உருவெடுத்தன. சாப்மனும் அதில் அங்கம் வகித்தார்.

என்ஜின் பொதுவானதால் வேறு வழியில் முந்த வேண்டிய கட்டாயம் சாப்மனுக்கு ஏற்பட்டது. காரின் அடியில் பாயும் காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்தும் உத்தியை அவரது அணி உருவாக்கியது. குறுகிய டி.எஃப்.வி. என்ஜினின் இருபுறமும் காற்றுப் பாதை அமைக்க இடமிருந்தது. ஃபெராரியின் அகன்ற 12 சிலிண்டர் என்ஜின் அப்பாதையை மறித்தது. 1978இல் மரியோ ஆண்ட்ரெட்டி சாம்பியன் ஆனார். அதே ஆண்டு மோன்சா விபத்தில் லோட்டஸின் ரோனி பீட்டர்சன் உயிரிழந்தார். 1970இல் யோகன் ரிண்டும் மோன்சாவில் லோட்டஸ் காரில்தான் இறந்தார். எடைக்காகப் பாதுகாப்பை சாப்மன் விட்டுக்கொடுத்தார் என்ற விமர்சனம் அவரை இறுதிவரை தொடர்ந்தது.

ரெனால்ட் 1977இல் கொண்டுவந்த 1.5 லிட்டர் டர்போ என்ஜின் நிலைமையை மீண்டும் மாற்றியது. பெரும்பாலும் பெருநிறுவனங்களே அத்தகைய என்ஜினை உருவாக்கின. டர்போ இல்லாத பிரிட்டன் அணிகளின் வலிமையான காற்றழுத்த உத்திக்கு ஃபிசா ஆணையம் கட்டுப்பாடு விதித்தபோது மோதல் முற்றியது. ஃபெராரியும் ரெனால்ட்டும் ஆணையத்தின் பக்கம் நின்றன. கட்டுப்பாட்டைத் தாண்ட சாப்மன் 1981இல் உருவாக்கிய இரட்டைச் சட்டக லோட்டஸ் 88 தடைசெய்யப்பட்டது.

டர்போவை எதிர்த்து நீடிக்க முடியாது என உணர்ந்த சாப்மன், 1983 முதல் என்ஜின் பெற ரெனால்ட்டுடன் ஒப்பந்தம் செய்தார். அதற்கு முன், 1982 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் எலியோ டி ஆஞ்சலிஸ் லோட்டஸுக்கு வெற்றி தேடித்தந்தார். அது டி.எஃப்.வி.யின் 150ஆவது வெற்றி. சாப்மன் கண்ட கடைசி வெற்றியும் அதுவே. டிசம்பர் 16ஆம் தேதி, 54ஆவது வயதில் மாரடைப்பால் அவர் காலமானார்.

டெலோரியன் கார் திட்டத்தின் நிதி முறைகேடு தொடர்பான வழக்கில், லோட்டஸின் நிதிப் பொறுப்பாளர் ஒருவர் 1992இல் சிறைத்தண்டனை பெற்றார். அந்த நிழல் சாப்மனின் பெயர்மீதும் படிந்தது.

டி.எஃப்.வி. தனது கடைசி ஃபார்முலா ஒன் வெற்றியை 1983இல் டெட்ராய்ட்டில் டைரல் அணிக்குத் தந்தது. மொத்தம் 155 வெற்றிகள். அவற்றுள் அந்த என்ஜின் உருவாகக் காரணமான லோட்டஸ் பெற்றவை 47. எஞ்சிய 108 வெற்றிகளும் அதை விலைக்கு வாங்கியவர்களுக்கே சென்றன.