அன்போடு தூய்மையும் வேண்டும்
கண்டாவளைப் பிள்ளைகளுக்குக் கைகழுவுதலைப் படிப்பிக்கும்போது புளோரன்ஸ் நைட்டிங்கேலின் வாழ்க்கையைச் சொல்வேன். 1820இல் பிறந்த அவர், கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில் 38 தாதியருடன் இஸ்தான்பூலின் உஸ்குதாருக்கு வந்தார். ஒஸ்மானியர் கொடுத்த செலிமியே படைமுகாமே அங்கு பிரித்தானியரின் வைத்தியசாலை. இரவுபகலாகப் பராமரித்தும் மரணங்கள் கூடின; காயங்களைவிடத் தொற்றுநோய்களே அதிகமானோரைக் கொன்றன. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு கழிவுக் கால்வாய்களைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்தைச் சீராக்கிய பின்னரே மரணங்கள் குறைந்தன. நாடு திரும்பி மரணக் கணக்குகளை ஆராய்ந்த அவர், அசுத்தமே பெருங்காரணம் என்று ஏற்றுக்கொண்டார். 1859இல் எழுதிய தாதியியல் நூலில், அடிக்கடி கைகழுவுவதைத் தாதியின் கடமையாக்கினார். 1910இல் மறைந்தார்.

ஐவேளை வுழூச் செய்யும் நாம், வாட்டுக்கு நோய் விசாரிக்கப் போகும்போதும் கைகளைக் கழுவிக்கொள்வோம்.