விண்மீன் நோக்கிய ரகுநாதாசாரியார்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் அமையவில்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நின்றன. திருவொற்றியூர்க் கடலோரத்தைக் கடந்து வடக்கே செல்லும் மாலுமிக்கு, நடுக்கடலில் தன் இடத்தை அறியக் கடிகாரமே உற்ற துணை. அக்கடிகாரம் நான்கு விநாடி பிழைபட்டால், கப்பலின் இருப்பிடக் கணக்கு கிழக்கு மேற்காக ஏறக்குறைய 1,800 மீட்டர் பிழைபட்டுவிடும். 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து இரயில் வண்டியும் ஓடத் தொடங்கியது. கடலுக்கும் தரைக்கும் பிழையற்ற நேரம் இன்றியமையாததாயிற்று.

அந்நேரத்தை வழங்கியது நுங்கம்பாக்கத்து வானாய்வகம். 1792-ஆம் ஆண்டில் எழுந்த அதன் கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளுடன் இன்றும் நிற்கிறது. அவ்வானாய்வகத்தில் பல ஆண்டுகள் விண்ணை நோக்கி உழைத்தவரே சிந்தாமணி ரகுநாதாசாரியார். பஞ்சாங்கம் கணிப்பதில் வழிவழியாகத் தேர்ந்த குடும்பத்தில் தோன்றிய அவர், இளமையிலேயே அங்குப் பணியில் அமர்ந்தார். 1864-ஆம் ஆண்டில் முதல் உதவியாளராக உயர்ந்தார். அப்போது வானாய்வகத் தலைவராக விளங்கியவர் நார்மன் போக்சன் என்னும் ஆங்கிலேயர்.

விண்மீனைக் கொண்டு நேரம் அறிவது எவ்வாறு? தென்வடல் கோட்டில் மட்டுமே சுழலும் தொலைநோக்கியின் காட்சிப் பரப்பில் மெல்லிய நூல்கள் கட்டப்பட்டிருக்கும். விண்மீன் ஊர்ந்து வந்து ஒவ்வொரு நூலையும் கடக்கும். நோக்குபவர் கண்ணால் விண்மீனைக் காண்பார். செவியால் கடிகாரத்தின் ஒலியை எண்ணுவார். இரண்டு ஒலிகளுக்கு இடையே விண்மீன் நூலைக் கடந்த கணத்தை மனத்தால் மதிப்பிட்டு, விநாடியில் பத்தில் ஒரு கூறு வரை ஏட்டில் குறிப்பார். 'கண்ணும் செவியும்' கொண்ட முறை என்று இது பெயர் பெற்றது.

இம்முறையில் மறைந்திருந்த பிழையொன்று ஓர் இளைஞரின் வாழ்வையே குலைத்தது. 1796-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிரீனிச்சு வானாய்வகத் தலைவர் மாஸ்கலின், தம் உதவியாளர் கின்னிபுரூக்கு குறிக்கும் நேரம் தாம் குறிப்பதைவிட முக்கால் விநாடிக்குமேல் பிந்துவதைக் கண்டார். அதனை அவரது கவனக்குறைவு என்றே கருதிப் பணியிலிருந்து நீக்கினார். சில பத்தாண்டுகளுக்குப் பின்னர், பெசல் என்னும் செருமானிய அறிஞர் தேர்ந்த வானியலார் பலரைத் தம்மோடு ஒப்பிட்டு நோக்கினார். அவர்களுள்ளும் ஒருவரது குறிப்பு மற்றவரோடு ஒத்திருக்கவில்லை. சிலரிடையே வேறுபாடு ஒரு விநாடியையும் விஞ்சியது. கின்னிபுரூக்கு சோம்பேறியல்லர் என்பதும், ஒவ்வொரு மனிதர்க்கும் தனித்ததொரு காலத்தாழ்வு உண்டு என்பதும் அதனால் தெளிவாயின. நீதி பிறந்தது, ஆயினும் நீக்கப்பட்டவர்க்கு அது பயன்படவில்லை.

அத்தாழ்வு எதனால் உண்டாகிறது? 1850-ஆம் ஆண்டில் ஹெல்மோல்ட்சு என்பார், நரம்பின் வழியே செல்லும் செய்தி கணப்பொழுதில் பாய்வதன்று, அளக்கத்தக்க வேகத்தில் செல்வதே என மெய்ப்பித்தார். 1868-ஆம் ஆண்டில் டாண்டர்சு என்னும் டச்சு மருத்துவர், இரண்டு குறிகளுள் எது தோன்றிற்று எனத் தெரிந்தெடுத்துச் செயற்பட வேண்டுமாயின் காலம் மேலும் நீளும் எனக் காட்டினார். ஒளியைக் கண்டு கையசைக்க ஏறக்குறைய கால் விநாடி செல்லும். ஒலியைக் கேட்டுக் கையசைக்க அதனினும் சிறிது குறைவாகச் செல்லும். உறக்கக் குறைவும், களைப்பும், முதுமையும், மதுவும் இக்காலத்தை நீட்டும். பயிற்சியும் ஒருமுகப்பட்ட மனமும் இதனைக் குறைக்கும். ஆயினும் எவராலும் முற்றும் நீக்கல் இயலாது.

இத்தகைய நுண்பணியையே ரகுநாதாசாரியார் இரவுதோறும் செய்துவந்தார். உறக்கம் கண்களைச் சுழற்றும் நள்ளிரவிலும் கடிகார ஒலியை ஒன்றும் விடாது எண்ணவேண்டும். மங்கிய ஒளிப்புள்ளியைக் கண் இமையாது தொடரவேண்டும். இப்பணிக்கு இடையே, 1867-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தென்வானத்து ரெட்டிகுலம் என்னும் கூட்டத்திலுள்ள ஒரு விண்மீனின் ஒளி ஒருநிலையில் நில்லாது மாறுவதைக் கண்டறிந்தார். ஏறக்குறைய 278 நாட்களுக்கு ஒருமுறை ஒளி பெருகிச் சுருங்கும் அவ்விண்மீன் இன்று 'ஆர் ரெட்டிகுலி' என வழங்குகிறது. விநாடியின் கூறுகளை எண்ணிய அவர் கண்களே, திங்கள் கணக்கில் நிகழும் மாற்றத்தையும் உணர்ந்தன என்பது வியப்பிற்குரியதன்றோ? 1872-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வேந்தவை வானியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

1868-ஆம் ஆண்டு முழுச் சூரிய கிரகணத்தை நோக்க அவர் ஐதராபாத்து நாட்டின் வனபர்த்திக்குச் சென்றார். 1874-ஆம் ஆண்டு திசம்பர் 9-ஆம் நாள் வெள்ளி சூரியனைக் கடந்து செல்லவிருந்தது. வெள்ளி சூரிய விளிம்பைத் தொடும் கணத்தைக் கொண்டு பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைக் கணிக்கலாம். ஆனால், முந்திய நூற்றாண்டில் அருகருகே நின்று நோக்கியவர்களும் அக்கணத்தைப் பல விநாடி வேறுபாட்டுடன் குறித்திருந்தனர். அரிய இந்நிகழ்ச்சியின் பயனைப் பொதுமக்களும் பண்டிதர்களும் உணருமாறு, அவர் ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் உரையாடல் வடிவில் நூல் வெளியிட்டார்.

பழைய கணிதத்திற்கும் விண்ணில் காணும் உண்மைக்கும் இடைவெளி வளர்ந்திருந்ததை அவர் நன்கறிவார். மரபை அவர் இகழவில்லை; கண்ணாற் கண்டதைக் கொண்டு அதனைத் திருத்த விழைந்தார். அதன் பொருட்டுத் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். பஞ்சாங்கம் கணிப்போர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். தம் மரபினரே எதிர்த்தபோதும் அவர் கண்டதைக் கைவிட்டாரல்லர். 1880-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் விரும்பிய திருக்கணித முறை இன்று தமிழ்நாட்டில் பரவலாக வழங்குகிறது.

இக்காலத்தில் விண்மீன்களின் கடப்பைக் குறிப்பவை மின்னணுக் கருவிகள். ஆயினும் மனிதரின் கால் விநாடி மறைந்துவிடவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் சரக்கு வண்டி ஓட்டுபவர்க்கும், துறைமுகத்தில் பளுதூக்கியை இயக்குபவர்க்கும் அது பொருந்தும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, கால் விநாடியில் நான்கு மீட்டருக்குமேல் ஓடிவிடும். கால் தடையை மிதிக்கும் முன்னரே அத்தொலைவு கழிந்துவிடும். எதிர்பாராத இடரில் தாழ்வு இன்னும் மிகும். ஆதலின் தன் புலன்களின் எல்லையை அறிந்து, உறங்கியெழுந்த தெளிந்த மனத்துடன் பணிபுரிதல் உயிர்காக்கும் அறமாகும். தன் குறையை அளந்து அறிந்தவனே பிறர் குறையைப் பொறுப்பான், உண்மையையும் அணுகுவான். ரகுநாதாசாரியார் மேற்கொண்ட பணி நமக்கு உணர்த்துவதும் இதுவேயாகும்.