கிறிஸ்டன் நைகார்ட்

கிறிஸ்டன் நைகார்ட் (ஆகஸ்ட் 27, 1926 – ஆகஸ்ட் 10, 2002) நோர்வே நாட்டைச் சேர்ந்த கணினி அறிவியலாளரும் கணிதவியலாளரும் அரசியல் செயற்பாட்டாளரும் ஆவார். ஓலே-யோகான் டால் என்பவருடன் இணைந்து சிமுலா என்னும் நிரலாக்க மொழியை உருவாக்கினார். பொருள் நோக்கு நிரலாக்கத்தின் அடிப்படைகளான பொருள், வகுப்பு, மரபுரிமம் ஆகியன இம்மொழியிலேயே முதலில் ஒருங்கே அமைந்தன.

தொடக்க காலம்

ஒஸ்லோவில் பிறந்த நைகார்ட், 1948 இல் நோர்வே பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். நாட்டின் முதல் அணு உலைக்குத் தேவையான கணக்கீடுகளில் மான்டே கார்லோ முறையைப் பயன்படுத்தினார். ஒரு நிகழ்வைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு பலமுறை நடத்திப் பார்த்து விடையை மதிப்பிடுவதே இம்முறை. அப்போது கணினி இல்லாமையால் கணக்கீடுகள் கையாலேயே செய்யப்பட்டன. இம்முறையைப் பற்றிய ஆய்வேட்டுக்காக 1956 இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

சிமுலா

1960 இல் நோர்வே கணினி மையத்தில் சேர்ந்தார். சிக்கலான அமைப்புகளின் செயற்பாட்டைக் கணினியில் பாவனை செய்வதற்குத் தனி மொழி தேவை எனக் கருதி, டாலுடன் இணைந்து உருவாக்கிய சிமுலா 1, 1965 தொடக்கத்தில் யூனிவாக் 1107 கணினியில் இயங்கியது.

சுங்கச் சாவடியுள்ள பாலம் ஒன்றைப் பாவனை செய்கையில் ஒரு சிக்கல் எழுந்தது. வரிசையில் நிற்கும் பாரவுந்துக்கும் பேருந்துக்கும் பொதுப் பண்புகள் பல; எனினும் ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுமையாக எழுத வேண்டியிருந்தது. பொதுப் பண்புகளை ஒரு வகுப்பில் எழுதி, சிறப்புப் பண்புகளை மட்டும் அதனுடன் சேர்த்துப் புதிய வகுப்பை ஆக்குவதே இதற்குக் கண்ட தீர்வு. இதுவே மரபுரிமம். இக்கருத்துரு சிமுலா 67 இல் இடம்பெற்றது.

நேரம், வரிசை முதலிய பாவனையாக்க வசதிகளும் சிமுலா 67 இல் வகுப்புகளாகவே தரப்பட்டன. பயனர் அவற்றை விரித்துத் தமக்குரிய நிரலகத்தை அமைக்கலாம். எடுத்துக்காட்டாக, ஓர் ஆய்வுக்கூடத்தைப் பாவனை செய்பவர் 'கருவி' என்னும் வகுப்பை ஒருமுறை எழுதினால் போதும். புதிய கருவி வரும்போது அதன் வேறுபாடுகளை மட்டும் எழுதலாம். ஏற்கெனவே எழுதிய நிரலை மாற்ற வேண்டியதில்லை.

சமூகப் பணி

தொழிற்சாலைகளைப் பாவனை செய்ய உதவும் இக்கருவி, தொழிலாளரின் வேலையையும் உரிமையையும் பாதிக்கக்கூடும் என நைகார்ட் கவலை கொண்டார். எனவே 1970களில் நோர்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் சேர்ந்து பணியாற்றினார். பணியிடத்துக்கு வரும் கணினி முறைமைகளின் வடிவமைப்பில் அவற்றைப் பயன்படுத்துவோரும் பங்குபெற வேண்டும் என்னும் பங்கேற்பு வடிவமைப்பு மரபுக்கு இப்பணி அடித்தளமிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நோர்வே சேருவதை எதிர்த்த இயக்கத்துக்கு 1990 முதல் 1995 வரை தலைமை தாங்கினார். 1994 பொது வாக்கெடுப்பில் 52.2% வாக்காளர்கள் இணைவதை நிராகரித்தனர்.

விருதும் தாக்கமும்

சிமுலாவின் கருத்துருக்கள் சுமால்டாக், சி++ ஆகிய மொழிகளின் உருவாக்கத்தில் பெரும் தாக்கம் செலுத்தின. 2001 ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது நைகார்டுக்கும் டாலுக்கும் வழங்கப்பட்டது. டால் 2002 சூன் 29 இல் காலமானார். ஆறு வாரங்களில் நைகார்டும் மாரடைப்பால் காலமானார்.